சத்தம் போடாத வண்டி

ஜூன் 8, திங்கள்

விடியும்போதே மழை. கொடியில் கிடந்த துணி எதுவும் காயவில்லை. முன்னறையில் வண்டி.

நேற்றுச் சாயங்காலம் கடைக்காரர்கள் மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். படியேற்ற ஒரு பலகை, தூக்க ஆட்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. இப்போது செருப்பு வைக்க இடமில்லை, ஈரக்குடை விரிக்க இடமில்லை.

எலக்ட்ரிக் வண்டி. பெட்ரோல் வேண்டாம். கியர் இல்லை, உதைக்க வேண்டாம். ராத்திரி பிளக்கில் குத்திவைத்தால் காலையில் ஓடும். வயசுப்பிள்ளைகள் டியூஷனுக்கு ஓட்டிப்போகிற சின்ன ரகம் இல்லை. பெரிய மோட்டார், நம்பர் பிளேட் உண்டு, ஓட்ட லைசென்ஸ் வேண்டும். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது. இரண்டு பேரை வைத்து மேடேறும் என்றார்களாம். விலையை அவர் என்னிடம் சொல்லவில்லை. இறக்க வந்த ஆள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

அவர் தன் கடையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததில் வந்த பணம். இந்த மலையாளத்து ஊரில், சாலை பஜாரில் அத்தனை வருஷம் வயரும் சுவிட்சும் விற்ற கடை. இரண்டு கிட்னியும் போன பிறகு அங்கே உட்கார அவருக்குத் தெம்பில்லை. அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் எடுப்போம் என்று பேசிவைத்திருந்தோம்.

அதையும்விட, வண்டி என் பேரில்.

"என் பேர்ல எதுக்கு?" என்றேன்.

"நீதானே ஓட்டப்போற."

"நானா? எனக்கு ரோட்டக் குறுக்க கடக்கவே படபடன்னு வரும். தெரியாதா ஒங்களுக்கு?"

"பின்னே? எனக்குப் பொறவும் ஓடணுமில்லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.  நான் வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கப் போனேன்.

இன்று டயாலிசிஸ். ஆட்டோவில்தான் போனோம். திரும்பும்போது வழக்கம்போல் கண்ணம்மூலையில் நிறுத்தச் சொல்லி ஓடையோரம் அவருக்கு வாந்தி. புகை, குலுக்கல், மெடிக்கல் காலேஜ் இறக்கத்துக் குழிகள். ஆட்டோக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். பாவம், அவரைச் சொல்லி என்ன.

வாங்க: துணி சோப்பு, பி.பி. மாத்திரை, ரவை, செருப்புக்கு ஒரு பழைய டிரே.


ஜூன் 9, செவ்வாய்

மழை விட்டுவிட்டு. வண்டிக்கு முதல் சார்ஜ்.

முன்னறை பிளக்கில் குத்தினார். ஒரு சிவப்பு விளக்கு, சின்னதாக ஒரு விசிறிச் சத்தம். சீட்டுக்கு அடியில் வரிசையாக பேட்டரிகள். தொட்டுப் பார்த்தால் லேசான சூடு.  இந்தத் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். மேலே பழைய மரக்கூரை. ஒரு பொறி விழுந்தால்? ஒரு வாளி மணல் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்துச் சிரித்தார்.

"வயரு யாவாரம் பாத்தவன் வீட்ல மணல் வாளி வைக்கியே."

"நீங்க வித்த வயரு வேற. இது வேற."

சாயங்காலம் பழகினேன். லைசென்ஸ் இருக்கிறது. மகள் மீனாவுக்கு ஸ்கூட்டி வாங்கியபோது அவளோடு நானும் எடுத்தது. அவள் வேலைக்குக் கோயமுத்தூர் போனாள், ஸ்கூட்டியும் போனது, அதோடு சரி. தெருக்கோடி வரை போய்த் திரும்பினேன். அவர் குடையோடு வாசலில். கைப்பிடியைச் சற்று முறுக்கினால் போதும், வண்டி அப்படியே வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு முனகல்கூட இல்லை. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத வண்டியை எப்படி நம்புவது?

பக்கத்து வீட்டு ராஜம் மாமி வாசலில் குனிந்து கோலப்பலகையை அலம்பிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. திரும்பியவள் அலறியே விட்டாள்.

"ஏண்டி வடிவு, ஒரு ஹாரன் அடிக்கப்படாதா? பிசாசு மாதிரின்னா வந்து நிக்கறே! எனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

மன்னிப்புக் கேட்டேன். மாமி கொஞ்ச நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, "என்ன விலையாச்சு?" என்றாள்.

சொல்லவில்லை.


ஜூன் 11, வியாழன்

இன்று வண்டியில் போனோம். 

கிளம்புவதற்கு முன் மூன்று தடவை பாத்ரூம். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததே தெரியவில்லை. அத்தனை மெலிவு. இடது கை டயாலிசிஸ் கை, அதில் ஊசி போட ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அதில் எதுவும் இடிக்கக்கூடாது, இறுக்கக்கூடாது. அதனால் வலது கையால் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் விழுந்தால் அந்த இடது கைதான் முதலில் தரையில் படும் என்பதே வழியெல்லாம் நினைப்பு.

பழவங்காடியில் ஒரு கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் உரசாத குறை. வஞ்சியூரில் கோர்ட்டுக் கூட்டம். குறுக்கே வருகிற யாருக்கும் நான் வருவது கேட்பதில்லை. ஹாரனிலிருந்து கட்டைவிரலை எடுக்கவே இல்லை. பின்னாலிருந்து அவர், "விடு, விடு, அவனே போவான். லெஃப்ட்ல ஒதுங்கு. அவ்வளவுதான். நல்லாத்தான் போற." முப்பது வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்.

குமாரபுரத்து ஏற்றத்தில் வண்டி முணுமுணுக்காமல் ஏறியது.

திரும்பும்போது கண்ணம்மூலையில் நான் தானாகவே ஓரம் கட்டினேன்.

"எதுக்கு நிறுத்துத?"

"வாந்தி?"

"இல்ல. வரல. போ."

வீட்டுக்கு வந்து இடியாப்பம் கேட்டார். டயாலிசிஸ் நாளில் அவர் எதையாவது கேட்டுச் சாப்பிட்டு எத்தனை மாசமாயிற்று. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு அழுதேன்.

மீனா போன். "அம்மா, அந்த விலைக்கு ரெண்டு நல்ல ஸ்கூட்டி வாங்கலாம். அப்பாவுக்கு யாரு இதைத் தலையில கட்டினாங்க?" எனக்கும் அதே எண்ணம்தான், அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி வராததைச் சொன்னேன். அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.


ஜூன் 13, சனி

வெயில் தலைகாட்டியது. போர்வை துவைத்தேன்.

சார்ஜ் காட்டுகிற முள் சட்டென்று இறங்குகிறது. பாதி வரை மெதுவாக வரும், அதற்குக் கீழே விழுவது போல. கேட்டுவரலாம் என்று கரமனையில் வண்டி வாங்கின கடைக்குப் போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. சனிக்கிழமை லீவோ என்று பக்கத்து டீக்கடையில் கேட்டேன்.

"அவர் நிர்த்தியில்லே சேச்சி. சாதனமொக்கெ எடுத்து போயி."

கடையையே மூடி, சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. கார்டில் இருந்த நம்பருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஸ்பேர் யாரிடம்? பேட்டரி போனால்? வழியில் நின்றால் எந்த மெக்கானிக் இதைத் திறப்பான்? கரமனைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வந்தேன். சொன்னதும் முகம் சுருங்கிப்போனது.

"நான் ஏமாந்துட்டேன், என்ன?"

"சேச்சே. வண்டி ஓடுதுல்லா."

"ஓடுற வரைக்கும் சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவரை அப்படிப் பார்க்க முடியவில்லை. வண்டி மேல் முதல் முறையாகக் கோபம் வந்தது. ஆபீஸுக்குக் கட்டிப்போகிற சேலையை தேவையில்லாமல் எடுத்து இஸ்திரி போட்டேன்.


ஜூன் 15, திங்கள்

பேய்மழை. தம்பானூரில் முட்டளவு தண்ணீர் என்று மாமியின் மகன் சொன்னதால் தகரப்பறம்பு வழி. அங்கேயும் தண்ணீர். முன்னால் போன கார்கள் அலையடித்துக்கொண்டு போகின்றன. மோட்டார் பின்சக்கரத்திலேயே இருக்கிறது. தண்ணீர் புகுந்தால்? ஷாக் அடிக்குமா? நிறுத்தி அவரிடம் கேட்டேன்.

"அடிக்காது. சீல் பண்ணியிருக்கும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது" என்றார். "ஆனா ஆட்டோவும் இதில நின்னுபோகும். நீ போ."

போனேன். கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடாத குறையாக. நிற்கவில்லை. மறுகரையில் ஒரு ஆட்டோவை இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்.யில் டாக்டர் அவரைத் திட்டினார். பொட்டாசியம் கூடியிருக்கிறது. பழம் தின்றீர்களா? இல்லை என்றார் இவர். அடுத்த டயாலிசிஸ் தவறவே கூடாது, நெஞ்சு நின்றுவிடும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். 'நின்றுவிடும்' என்பதை ஏதோ பஸ் நின்றுவிடும் என்பது போலச் சொன்னார்.


ஜூன் 17, புதன்

காலையில் மூட்டம். ஆபீஸுக்கு வண்டியில் போனேன், ஸ்டாச்சு ஜங்ஷன் வரை. தனியாகப் போகும்போது பயம் கொஞ்சம் குறைவு. விழுந்தால் நான் மட்டும்தானே.

மத்தியானம் பக்கத்து சீட் பாலகிருஷ்ணன் சார் செய்தி கொண்டுவந்தார். நாளை ஹர்த்தால், முழு பந்த். ஸ்டேட் முழுக்க. காலை ஆறு முதல் மாலை ஆறு. ஆபீஸில் ஒரே சந்தோஷம். சிக்கன் வாங்க யார், கள்ள லீவு யார் என்று பேச்சு. நான் டைப்ரைட்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாளை வியாழன், டயாலிசிஸ் நாள்.

போன்கள்:
ஆஸ். — யூனிட் திறந்திருக்கும், ஊழியர்கள் இன்றே வந்து தங்குகிறார்கள், நாம் வந்துசேர வேண்டியது நம் பொறுப்பு. இன்று இடமில்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை.
அவர் தம்பி — காரை எடுக்க மாட்டாராம். போன ஹர்த்தாலில் கண்ணாடி போயிற்றாம்.
ஆம்புலன்ஸ் — நாளை மத்தியானத்துக்கு மேல் பார்க்கலாம்.
எங்கள் ஆட்டோக்காரர் — "ஹர்த்தாலினு ஓடில்ல சேச்சி, அடிச்சு பொளிக்கும்." அடித்து நொறுக்கிவிடுவார்களாம்.

ஆறு மணிக்கு முன்னாலேயே வண்டியில் போய்விடலாம் என்று முடிவு.

வீட்டுக்கு வந்தால் சமையல் மேடையில் பலாக்கொட்டை. ஒரு பெரிய கிண்ணம் நிறைய.

"பழம் தின்னியளா?"

முழித்தார். "மாமி ஞாயித்துக்கிழமை குடுத்தா. கொஞ்சம்தான். இன்னைக்கு மிச்சம் இருந்தத…"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வேண்டாம். இந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக அப்படி ஒரு குரல் எழும்பியதில்லை. அவர் சின்னப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "நாக்கு செத்துப்போச்சு வடிவு" என்றார் கடைசியில்.

வண்டியைச் சார்ஜில் குத்திவிட்டேன். முள் கீழே கிடக்கிறது. வெளியே காற்று.


ஜூன் 19, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று லீவு. நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

புதன் சாயங்காலமே கரண்ட் போய்விட்டது. வராகம் குளத்துப் பக்கம் மரம் விழுந்து கம்பி அறுந்ததாம். விடிய விடிய வரவில்லை. ஆறுக்கு முன் கிளம்புகிற திட்டம் போயிற்று. சார்ஜ் இல்லாத வண்டி வெறும் இரும்பு. பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் யாரிடமாவது ஒரு பாட்டில் வாங்கி ஊற்றியிருக்கலாமே! இத்தனை விலை கொடுத்து, ஒரு பாட்டிலில் வாங்க முடியாத ஒன்றை நம்பி உட்கார்ந்திருக்கிறோமே! அவரிடம் சொல்லவில்லை.

நன்றாக வெளுத்த பிறகு கரண்ட் வந்தது. சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வரையாவது ஏறட்டும் என்று கணக்கு. எட்டரைக்கே அவர் என்னைக் கூப்பிட்டார். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது.

"நெஞ்சு ஒருமாதிரி தட்டுது. விட்டுவிட்டு."

பிளக்கைப் பிடுங்கினேன். முள் பாதிக்கும் கீழே.

ராஜம் மாமி வாசலுக்கு வந்துவிட்டாள். "என்னால வந்த வினை. நான் ஏன் அந்தப் பழத்தைக் குடுத்தேன்" என்று ஒரே புலம்பல். "சும்மா இரிங்க மாமி" என்று அவர்தான் சமாதானம் சொன்னார். மாமி ஒரு துண்டை மடித்து அவர் இடது கையில் மெத்தை மாதிரி சுற்றிவிட்டாள்.

ரோட்டில் யாருமில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் இல்லை, ஆள் இல்லை. கடையெல்லாம் பூட்டு. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை அப்படி நான் பார்த்ததில்லை. காலி ரோட்டில் ஓட்டுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். கூட்டத்தைவிட அதுதான் பயம். நாலு பக்கமும் ஜன்னல்கள் நம்மையே பார்ப்பது போல. மெதுவாக ஓட்டினால் சார்ஜ் மிஞ்சும். வேகமாகப் போனால் சீக்கிரம் போய்ச்சேரலாம், வழியில் நின்றாலும் நின்றுவிடும். எது சரி என்று தெரியவில்லை. அவர் தோளைத் தட்டித் தட்டி, "இதே ஸ்பீடு. கூட்டாத, குறைக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பேசிக்கொண்டே வாங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பேச்சு இருந்தால் ஆள் இருக்கிறார்.

பாட்டூர் தாண்டி ஒரு வளைவு. திரும்பியதும் ரோட்டின் குறுக்கே பெஞ்சு. டயர் எரிந்து புகை. கொடியோடு ஏழெட்டுப் பேர், ரோட்டிலேயே உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது அவர்களுக்குக் கேட்கவில்லை. கிட்டத்தில் வந்த பிறகுதான் ஒருத்தன் நிமிர்ந்து பார்த்துப் பதறி எழுந்தான். அந்தப் பதற்றம் அப்படியே கோபமாக மாறியது. சத்தம் போடாமல் நைசாக நுழையப் பார்த்தேன் என்று நினைத்துவிட்டார்கள்.

தாடி வைத்த ஒரு ஆள் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

"எவிடேக்கா?" எங்கே போகிறோம் என்று கேட்கிறான்.

டயாலிசிஸ் என்றேன்.  மறுபடியும் சொன்னேன்.

"எல்லாரும் இது தன்னெயா பறயுன்னது." எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்றான். பின்னாலிருந்து ஒருத்தன், காற்றைத் திறந்துவிடு என்றான். இன்னொருத்தன் கையில் கல். வெறுமனே கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான், எறியப்போகிற மாதிரிகூட இல்லை. ஆனால் என் கண் அந்தக் கல்லை விட்டு நகரவில்லை. இவர்களிடம் ரிப்போர்ட்டை எடுத்துக் காட்ட வேண்டும், பை எங்கே, பை எங்கே என்று தடவுகிறேன். தோளில்தான் தொங்குகிறது.

அவர் பேசவில்லை. மாமி சுற்றிய துண்டை மெல்ல அவிழ்த்தார். புடைத்து முண்டும் முடிச்சுமாக இருக்கிற அந்தக் கையைத் தாடிக்காரன் முன்னால் நீட்டினார்.

"தொட்டு நோக்கு" என்றார்.

அவன் தயங்கினான். அவரே அவன் விரலைப் பிடித்து அந்தப் புடைப்பின் மேல் வைத்தார். அங்கே ரத்தம் ஓடுவது கையில் தெரியும். உள்ளே ஒரு வண்டு பறப்பது போல் அதிரும். எனக்கே முதல் தடவை தொட்டபோது உடம்பு கூசியது. அவன் சுடுபட்டவன் போல் கையை இழுத்துக்கொண்டான். அவரைப் பார்த்தான். வீங்கிய காலைப் பார்த்தான். சாவியை என் கையில் வைத்தான்.

"விட்டேக்கடா" என்றான் மற்றவர்களிடம். பெஞ்சை நகர்த்தினார்கள்.

எனக்குத் துவாரத்தில் சாவி நுழையவில்லை.  அவர் பின்னாலிருந்து எட்டிப் போட்டார்.

கண்ணம்மூலை தாண்டியது. குமாரபுரம் ஏற்றம் தொடங்கியது. முள் அடியில் போய்ப் படுத்துவிட்டது. வண்டி முதலில் தளர்ந்தது. பிறகு ஒரு மாடு நிற்பது போல நின்றது. முறுக்கினேன். ஒன்றுமில்லை. தூறல் வேறு.

அவர் இறங்கப்பார்த்தார். கால் ஊன்றவில்லை. பூட்டியிருந்த ஒரு கடையின் ஷட்டரில் சாய்த்து உட்காரவைத்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சை நிறுத்திவிட்டார். பேசுங்கள் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். வண்டியைத் தள்ளிப்பார்த்தேன். பேட்டரிக் கனம், ஓரடி நகரவில்லை. எதிர்வீட்டுக் கேட்டைத் தட்டினேன். திரைச்சீலை விலகியது, மூடியது. மனசுக்குள் அந்தக் கடைக்காரனையும் இவரையும் இந்த வண்டியையும் என்னையும் வைது தீர்த்தேன். இங்கேயேவா, ஒரு டைல்ஸ் கடை வாசலிலா என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அப்போது கீழே ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம். அந்தத் தாடிக்காரன். தனியாக. ஹாண்டில்பாரில் கொடி. வண்டியைப் பிடுங்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். குறுக்கே போய் அவரை மறைத்துக்கொண்டு நின்றேன். என்ன செய்வதாக இருந்தேனோ.

அவன் நின்று பார்த்தான். "சார்ஜ் தீர்ந்நோ?"

ஆமாம் என்றேன்.

கொடியை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அவரை அப்படியே தூக்கி எங்கள் வண்டியில் உட்காரவைத்தான். என்னை முன்னால் ஏறச் சொன்னான். அவன் தன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்து, எங்கள் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் ஒரு காலை ஊன்றித் தள்ளினான்.

"நேரே பிடிச்சோ சேச்சி. பேடிக்கண்ட."

பயப்பட வேண்டாமாம். ஈரரோடு. அவன் கால் ஒருமுறை வழுக்கினால் மூன்று பேரும் தரையில். திரும்பிப் பார்க்கவும் முடியாது. நெற்றியிலிருந்து மழைத்தண்ணீர் கண்ணில் இறங்குகிறது, துடைக்கக் கையை எடுக்க முடியாது. நேராக, நேராக என்று எனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக் கேட் வந்ததும் காலை எடுத்தான். வாட்ச்மேன் ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்தார். நான் இறங்கித் திரும்புவதற்குள் அவன் இறக்கத்தில் போய்விட்டான். பெயர்கூடத் தெரியாது.

நேராக உள்ளே கொண்டுபோனார்கள். நெஞ்சில் ஒயர், கையில் ஊசி. திரையைப் போட்டுவிட்டார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். பக்கத்தில் இருந்த அம்மாள் பிஸ்கட் நீட்டினாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன், வியர்வையில் நனைந்து மாவாகிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் டாக்டர் வந்தார். "அரைமணி தாமதிச்சிருந்தா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் வண்டிக்குச் சார்ஜ் போட இடம் தேடி அலைந்தேன். ஆஸ்பத்திரிக் கரண்டில் சொந்த வண்டியா என்று வாட்ச்மேன். ஆஸ்பத்திரி ஆபீஸில் போய்க் கேட்டேன். அங்கே இருந்த பெண் இப்படி யாரும் இதுவரை கேட்டதில்லை என்று சிரித்தாள். ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் கொடுத்தாள். மனுஷரும் வண்டியும் ஒரே கட்டடத்தில் ஒயரோடு. ஆறு மணிக்கு மேல் திரும்பினோம். அவர் தெளிவாக இருந்தார். பாட்டூரில் பெஞ்சு இல்லை, கருகின வட்டம் மட்டும்.


ஜூன் 21, ஞாயிறு

மழை இல்லை. ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை. கொட்டினேன்.

மீ.க்கு எல்லாம் சொல்லவேண்டியதாயிற்று. மாமி போனில் முந்திக்கொண்டாள். மீ. அழுதாள். "அந்த வண்டிய வித்துடுங்கம்மா. நடு ரோட்டுல நின்ன வண்டி இனி எதுக்கு? மாசம் நான் அனுப்புறேன், டாக்ஸி வைங்க."

ஹர்த்தாலுக்கு டாக்ஸியும் வராது என்றேன். அதுதான் வாயில் வந்தது.

சாப்பிட்ட பிறகு அவரே பேச்செடுத்தார்.

"மீனா சொல்லுதது சரிதான். யாராவது கேட்டா குடுத்துருவோம். பாதி விலைக்கும் போகாது. கடைக்காரனே இல்ல."

"கட்டுப்படியாகலன்னு நெனைக்கியளா?"

"நீதான் சொல்லணும். நீதான ஓட்டுத."

யோசித்தேன். இந்த விலைக்கு எத்தனை டயாலிசிஸ் என்ற கணக்கு என் மனசில் முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. நின்றதும் இந்த வண்டிதான், பாதி வழி கொண்டுபோனதும் இதுதான். இது இல்லையென்றால் வியாழக்கிழமை வாசற்படியே தாண்டியிருக்க மாட்டோம். இது பெட்ரோல் வண்டியாக இருந்தால் மேடேறியிருக்கும். மீனாவின் ஸ்கூட்டி போன பிறகு பெட்ரோல் வண்டியை நான் தொட்டதே இல்லை, இனியும் தொட்டிருக்க மாட்டேன். எந்தப் பக்கம் கூட்டினாலும் சரியாக வரவில்லை.

"விக்க வேண்டாம்" என்றேன்.

"பயமா இல்லியா?"

"இருக்கு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வண்டித் துணியை எடுத்து உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.


ஜூன் 22, திங்கள்

வெளிச்சமான நாள். கரண்ட் போகவில்லை, முழுச் சார்ஜ். பலாக்கொட்டையை மாமியிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று.

டயாலிசிஸ் நல்லபடி. பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. திரும்பும்போது வெயில் சுள்ளென்று. கண்ணம்மூலை தாண்டியதும் அவர் தலை என் முதுகில் சாய்ந்தது. அசதி. தூங்கிவிட்டார். விழுந்துவிடுவாரோ என்று அவர் வலது கையை இழுத்து என் இடுப்பைச் சுற்றி வைத்து, முழங்கையால் அழுத்திக்கொண்டு ஓட்டினேன்.

வண்டிக்குச் சத்தம் இல்லாததால் அவர் மூச்சு கேட்டது. பிடரிக்குப் பக்கத்தில், மெல்ல, இழுத்து இழுத்து. வேறு எந்த வண்டியிலும் இது கேட்காது. அதைக் கேட்டுக்கொண்டே, இருபது வேகத்தில், லாரிக்காரர்கள் திட்டத் திட்டப் போனேன்.

பாட்டூர் சிக்னல். சிவப்பு. சுற்றிலும் பஸ், ஆட்டோ, பைக். மூச்சு கேட்கவில்லை. முதுகில் கனம் மட்டும். பச்சை விழுந்தது. எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு ஓரமாகப் போனேன். ரோடு அமைதியானது. அப்போதும் கேட்கவில்லை.

"என்னங்க."

முழங்கையால் அவர் கையை அழுத்தினேன்.

"என்னங்க!"

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.